போனை மறந்த நாள்

நான் பார்சல் வேன் ஓட்டுகிறேன். சடாரென்று பிரேக் போட்டாலும் வேகமாக வளைத்தாலும் போனில் இருக்கும் ஆப் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். எண்பதைத் தாண்டாவிட்டால் வேனை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் கெடு வைத்திருந்தார். கெடுவின் கடைசி நாளில் போனையே வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டேன்.

சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாவியை நீட்டினேன். மேனேஜர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

“நூத்துக்கு நூறும்மா! இங்க இதுவரைக்கும் யாருமே வாங்கினதில்ல. இனிமே இந்த வண்டியை உங்ககிட்டேருந்து யாரும் பிடுங்க முடியாது.”

அவருடைய கம்ப்யூட்டரில் அன்று நான் போன தெருக்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் கணவரின் தலையணைக்குப் பக்கத்தில் போன் கொதித்துக்கொண்டு கிடந்தது. எனக்கு முன்னால் அதே வேனை ஓட்டியவர் அவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மூன்று வருடமாகப் படுக்கைதான்.

“எவ்வளவு?” என்றார்.

“நூறுங்க.”

“பின்னே, நம்மகிட்டயா!” என்று மீசையை முறுக்கினார்.

போர்வையை விலக்கினேன். அவருடைய வலது உள்ளங்காலில் பிரேக் பெடலின் ரப்பர் வரிகள் பதிந்திருந்தன. அப்போதுதான் காலை எடுத்ததுபோல், சிவப்பாக.