ஒயில் தட்டு

கதிர்காமத்தம்பிக்கு முதலாளி கொடுக்க வேண்டியிருந்த கூலி பதினாலாயிரத்து எழுநூறு ரூபாய். மட்டக்களப்பு ஓடுபாதையோரம் புல் வெட்டி, அவருடைய சின்ன விமானத்தைக் கழுவித் துடைத்த கூலி.

அன்றைக்கு விமானி நிதுர்ஷன் பறக்க மாட்டேன் என்றுதான் நின்றான்.

"மத்தியானத்துக்குப் பிறகு மலையில முகில் இறங்கிரும் ஐயா. உள்ளுக்குப் போனா திரும்ப இடமிருக்காது."

"ஆக்களிட்டக் காசு வாங்கியாச்சு. எடுடா," என்றார் முதலாளி.

ஏறும்போது நிதுர்ஷன் கதிர்காமத்தம்பியிடம் சொன்னான்: "உங்கட காச எப்பிடியும் நான் எடுத்துத் தருவன், அண்ணன்."

பதுளைப் பக்கம் ஒரு மலையில் விமானம் மோதியது. ஒருவரும் மிஞ்சவில்லை.

"பிளேனே இல்ல, உனக்கென்ன கூலி?" என்றார் முதலாளி.

விமானம் நிற்கிற இடத்தில், எஞ்சின் ஒயில் சொட்டுவதற்கு வைத்த தட்டு அப்படியே கிடந்தது. மறுநாள் காலை அது நிறைந்திருந்தது. தொட்டால் சுட்டது. அதற்கடுத்த காலையும் அப்படித்தான்.

ஏறாவூர் முனாப் தோணிக்குப் பூச அந்த ஒயிலைப் போத்தல் முந்நூற்றைம்பதுக்கு வாங்கினார்.

"எந்தப் பிளேன்ட ஒயில் இது?"

"வந்து போற பிளேன்ட, முனாப் காக்கா."

"அப்ப எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வைங்க," என்று முனாப் சிரித்தார்.

ஒருநாள், அதுவரை விற்ற காசு சரியாகப் பதினாலாயிரத்து எழுநூறு ஆனது. மறுநாள் காலை தட்டு காய்ந்து கிடந்தது. கதிர்காமத்தம்பி அதைத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தான்.

முனாப்புக்கு ஒரு போத்தலைச் சும்மா கொடுத்திருக்கலாம். நிதுர்ஷன் பொடியன் இன்னும் ஒருநாள் வந்திருப்பான்.