கறிவேப்பிலைக்கு விலை இல்லை

கறிவேப்பிலை மட்டும் போதும் என்றதும் காய்க்காரி எசக்கியம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டு அவனை முறைத்தாள்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவனை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"காய் வாங்குனாத்தான் கறிவேப்பிலை, தம்பி."

"அதுக்குக் காசு தாரேன்க்கா."

"அதுக்கு வெலை கெடையாதுல்லா."

சும்மா கேட்டாலும் கிடைக்காது. காசு கொடுத்தாலும் கிடைக்காது. எந்த ஊர் நியாயம் இது?

இத்தனைக்கும் அவனும் சும்மா கொடுக்கிறவன்தான்.

பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள். அவன் எழுதியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கூடவே இதையும் வாங்கு என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அதனாலோ என்னவோ, அவன் வீட்டில் காய் வாங்குவது குறைந்துவிட்டது.

வேலையை விட்டுவிட்டு அவன் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறான். அவனை மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்கிறது.

காலையில் ஒரு கம்பெனியிலிருந்து பேசினார்கள். எங்களிடம் வாருங்கள், இதே வேலைக்குச் சம்பளம் தருகிறோம். மென்பொருள் எப்போதும்போல் இலவசம்தான். அதை வைத்து நாங்கள் விற்கப்போவது வேறு சரக்கு. மதியத்துக்குள் பதில் சொல்லுங்கள்.

மறுத்தால், வீட்டில் பொறுமை தீர்கிற அன்றைக்கு மென்பொருளின் அந்த வாசிப்புக் குரலும் நின்றுபோகும்.

ஒப்புக்கொண்டால்?

யோசித்துப் பார்த்தான். கெடுதலாக ஒன்றும் தட்டுப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. சுரண்டையிலிருந்து பார்வையற்ற டீச்சர் ஒருவர் அனுப்பிய குரல்பதிவு. "சார், பாதி பக்கத்துலயே வாசிக்கிறது நின்னுருது. நாளைக்குப் பிள்ளையளுக்குப் பரீட்சை. சட்டுன்னு பாருங்க."

சும்மா வாங்குகிறவர்களுக்குத்தான் அவசரம் அதிகம்.

"இந்தக் கறிவேப்பிலை எங்கக்கா விளையுது?"

"எங்க தெரு முக்குல நிக்கி. யாரு வச்ச மரமோ. தண்ணி ஊத்துறது நான்."

"கடை இல்லேன்னாலும் ஊத்துவீங்களா?"

எசக்கியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கத்திரிக்கா போடவா, வேண்டாமா?"

போடச் சொன்னான். சுரைக்காயும் போடச் சொன்னான். வீட்டில் யாருக்கும் சுரைக்காய் ஆகாது.

சொன்ன விலையைக் கொடுத்தான். பேரம் பேசாதவனைக் கண்டால் வியாபாரிக்கு நிம்மதி இருக்காது. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். எசக்கியம்மாள் அந்த வருத்தத்தோடு ஒரு கொத்தைப் பைக்குள் திணித்தாள். அடுத்து நின்ற மெஸ்காரர் பக்கம் திரும்பிவிட்டாள்.

மார்க்கெட் வாசலில் நின்று ஃபோனை எடுத்தான்.

'சம்மதம்' என்று தட்டினான்.

அனுப்புவதற்குள் பை கனத்தது. கை மாற்றியபோது உள்ளே பார்த்தான்.

மல்லித்தழை.

திரும்பி நடந்தான். மெஸ்காரரின் கூடை நிறையக் காய். அதன்மேல் பச்சைப் பசேலென்று கறிவேப்பிலை, கட்டுக் கட்டாக.

"தீந்துபோச்சு தம்பி," என்றாள் அவன் கேட்பதற்கு முன்பே. "அவுக தெனமும் எடுக்குறவுக. மல்லியும் வாசந்தானே. சும்மா தாரதுல போயி இது அதுன்னு பாப்பாவளா?"

பைக்குள் கிடந்த சுரைக்காயைப் பார்த்தான்.

இவ்வளவு காய் எதற்காக வாங்கினோம் என்று ஞாபகம் வந்தது.

பையைத் தராசுத் தட்டிலேயே இறக்கி வைத்தான்.

"அப்பக் காயும் வேண்டாம்க்கா."

சொன்ன பிறகு, யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது. ஒரு கையில் ஃபோனில், அனுப்பாத 'சம்மதம்' இன்னும் திறந்தபடி இருந்தது.

எசக்கியம்மாள் பையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முதல்முறையாக அவள் முகத்தில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது.

மெஸ்காரர் சில்லறை தேடிக் குனிந்திருந்தார்.

அவள் கை மெல்ல அவர் கூடையிலிருந்த கறிவேப்பிலைப் பக்கம் போனது.