கருகும் வாசம்

தெருவெங்கும் ஆப்பிளைக் கூறுகட்டி விற்கும் காலம். சற்குணம் நாலைந்தை மெல்லிசாகச் சீவி, பட்டைத்தூள் தூவி ஓவனில் வைத்தார். போன வாரம் அப்படி வைத்துவிட்டு அசந்து தூங்கியதில் எல்லாம் கரியாகிவிட்டது. எதிர்வீட்டு ரெஜினாதான் ஓடிவந்து கதவைத் தட்டினாள். "சார், என்னமோ தீயுது பாருங்க." உள்ளே வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் பேச்சு அது. இன்று துண்டுகள் பொன்னிறமாக, மொறுமொறுவென்று வந்துவிட்டன. அவர் எடுக்கவில்லை. ஓரங்கள் கறுத்துப் புகை கிளம்பியதும் வாசல் கதவை ஒருக்களித்து வைத்தார். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேஜையில் இரண்டு தம்ளர்களை எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.