புளூட்டோவுக்கு இடமில்லை

"புளூட்டோவைத் தூக்கிடுங்க."

ஒத்திகையின் நடுவே வந்து கோளரங்க இயக்குநர் இப்படிச் சொன்னதும், ஒன்பது கோள்களும் அப்படியே நின்றுவிட்டன.

எங்கள் கோளரங்கத்தின் ஆண்டு விழா நடனம் அது. ஊழியர்கள்தான் கோள்கள். நான் சனி, இடுப்பில் மாட்டிய வளையத்தால் உட்காரவும் வழியில்லாமல் நின்றிருந்தேன். புளூட்டோ, எங்கள் டிக்கெட் கவுன்ட்டர் அக்கா.

நடனத்தை அமைத்தவர் எங்கள் நூலகர். அக்காவுக்குச் சொந்த அண்ணி. நாத்தனார் மேடையில் ஜொலிக்க வேண்டுமென்று, புளூட்டோவின் ஜிகினா உடையைத் தன் கையாலேயே தைத்திருந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு நாளா ஆடுறோம். இன்னைக்குத்தான் உங்க கண்ணுல பட்டுச்சா சார்? புளூட்டோ என்ன பாவம் பண்ணிச்சு?"

இயக்குநர் விரல்களை மடக்கினார்.

"கோள்னா மூணு தகுதி வேணும். சூரியனைச் சுத்தணும். தன்னோட ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்கணும். போற பாதையில வேற எதுவும் கிடக்காம ஒதுக்கி வச்சிருக்கணும். புளூட்டோ மூணாவதுல தேறலை. கோளரங்கத்துக்காரங்களே தப்பா ஆடினா ஊரே சிரிக்கும்."

முதல் இரண்டில் அக்காவை யாரும் குறை சொல்ல முடியாது, அதிலும் உருண்டை விஷயத்தில் முழு மதிப்பெண் என்று வியாழனாக ஆடிய புரொஜெக்டர் ஆபரேட்டர் சிபாரிசு செய்து பார்த்தார். இயக்குநர் சிரிக்கவே இல்லை. எட்டுப் பேர் போதும் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அக்கா ஜிகினா தொப்பியைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினார்.

படித்த படிப்பெல்லாம் ஒருத்தியை அழவைக்கத்தானா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே தீருவதென்று, வளையத்தைக் கழற்றி வீசிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

"வயித்துல பாலை வார்த்தீங்க சார். மேடைன்னு நினைச்சாலே எனக்குக் கை கால் உதறுது. அண்ணி அவ்வளவு ஆசையா தைச்சுக் கொடுத்துட்டு நிக்கிறாங்க, அவங்ககிட்ட போய் எப்படி மாட்டேன்னு சொல்றது? காலையில உங்ககிட்ட வந்து புலம்பினதுக்கு இப்படி ஒரு வழி பண்ணிட்டீங்க. ஆனா வெளியில எல்லாரும் உங்களைத்தான் திட்டுறாங்க."

"திட்டட்டும்மா. அண்ணிக்கு உங்க மேல வருத்தம் வரலைல்ல, அது போதும்."

நான் சத்தமில்லாமல் பின்வாங்கினேன். கேட்க வந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

அப்போது, மேஜைமேல் கிடந்த மஞ்சள் அட்டைக் கிரீடத்தை இயக்குநர் தயங்கித் தயங்கி எடுத்தார். அதுவும் அண்ணியின் கைவேலைதான். சுற்றிலும் நீள நீளமாகக் கதிர்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் மேடைன்னா உதறல்தாம்மா. சூரியனைத் தூக்குறதுக்குத்தான் ஒரு விதியும் கிடைக்க மாட்டேங்குது."