செங்கமலத்துக்குத் திறக்காத கதவு

எங்கள் குடியிருப்பில் கதவுகளுக்குக் காது உண்டு. என் காதைவிடக் கூர்மை. மூன்றாம் மாடி மாசிலாமணி, குழாயில் தண்ணீர் வராத எரிச்சலில் அரசாங்கத்தை நாலு வார்த்தை ஏசினார். கதவு பூட்டிக்கொண்டது. அரசு நிந்தனைக்கு ஆறு மாத வீட்டுக்காவல்.

கடைக்குப் போயிருந்த மனைவி செங்கமலம் வெளியே மாட்டிக்கொண்டாள். அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் காலை வராந்தா ஜன்னல் கம்பி வழியாக அவருக்கு இட்லி நீட்டினாள்.

"ஏசியது நிந்தனை" என்றது கதவு. "ஏசியவர் என்று தெரிந்தே ஒருவருக்கு உதவுவது தேசத்துரோகம். பிடித்துப்போக வண்டி வரும். இவர் உங்களுக்கு யார்?"

"என்ன கூத்து இது? நான் இவரோட..." என்று ஆரம்பித்தாள்.

"யாரும்மா நீ? வீடு மாறி வந்துட்டியா? போ, போ!" என்று உள்ளிருந்து கத்தினார் மாசிலாமணி.

கதவு எங்களையும் கேட்டது. "யாரோ தெரியலைங்க" என்றோம், ஊர்வம்பு பேசும் நாங்களே. வண்டி வரவில்லை.

ஆறு மாதம் முடிந்து கதவு அவருக்குத் திறந்துவிட்டது. செங்கமலத்துக்குத் திறக்கவில்லை, அவள் அந்நியப் பெண் என்று பதிவாகிவிட்டது. இப்போது மனைவி என்று சொன்னால் அன்றைய இட்லி துரோகமாகிவிடும்.

தினமும் மாலையில் இருவரும் மாடிப்படியில், புதிதாகப் பெண் பார்த்த ஜோடிபோல, இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டியதும் "வரேங்க" என்று அவள் எழுந்துகொள்கிறாள். கதவு கேட்டுக்கொண்டிருப்பதால், அவர் "சரிம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.