இன்னும் எரர் வருகிறது

திரையில் அதே பெட்டி மூன்றாம் முறையும் வந்தது.

கிளாஸ் நாட் ரிஜிஸ்டர்டு.

அவன் ஓகே அழுத்தினான். பெட்டி மறைந்தது. தமிழ் அடிக்கும் மென்பொருளும் அதோடு மூடிக்கொண்டது.

கடை வாசலில் மைத்துனன் பொன்ராஜ் பசை வாளியோடு நின்றிருந்தான். மைதா மாவில் காய்ச்சிய பசை. தெருவில் யாரோ காய்ச்சிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இன்னும் ஆவி பறந்தது.

"போஸ்டர் ஆச்சா அத்தான்? ஆம்புலன்ஸ் கயத்தாறு தாண்டிட்டாம்."

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான்.

பத்து நாளாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டில் பக்கத்தில் இருந்தவன். காலையில் உயிர் போனதும் போஸ்டருக்காக அவனை முன்னால் அனுப்பிவிட்டார்கள். கடையில் இந்த வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தெருமுனையிலும் பஸ் நிறுத்தத்திலும் அவள் முகம் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், கோவில்பட்டிக்கே கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்தவன் கட்டியவளுக்கு ஒரு தாள் ஒட்டவில்லை என்பார்கள். அப்படிச் சொன்னால் அது நியாயம்தான்.

கீபோர்டுக்குப் பக்கத்தில் பொன்ராஜ் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு.

செல்வக்கனி. வயது 43. கீழே, துயரில் வாடும் கணவர் என்று போட்டு அவன் பெயர். தோற்றம் என்ற இடம் காலியாக இருந்தது.

வேறு யாராவது இப்படிக் கொண்டுவந்தால் அதட்டுவான். சர்டிபிகேட் தேதியா, நெசத் தேதியா, வீட்டுல கேட்டுட்டு வாங்க என்பான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவளுக்கும் இரண்டு தேதி உண்டு. இரண்டும் அவனுக்குத் தெரியும்.

காலையிலிருந்து அழுகை வரவில்லை. கைகள் மட்டும் ஒழுங்காக வேலை செய்தன.

கடை பூட்டிக் கிடந்த நாட்களுக்கும் சேர்த்து, இன்று திறந்ததும் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆனது. மென்பொருள் பழையது. அதன் கோப்பு ஒன்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அது இருப்பதைக் கம்ப்யூட்டர் மறந்துவிட்டது. மறுபடி பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான். எத்தனையோ தடவை செய்திருக்கிறான்.

கறுப்புத் திரையைத் திறந்தான். கட்டளையை அடித்தான். கோப்பின் பெயரை அடித்தான்.

அனுமதி இல்லை என்றது.

மூடிவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தான். மறுபடி அடித்தான்.

கோப்பைக் காணவில்லை என்றது.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் கறுப்புத் திரை வேறொரு ஃபோல்டரில் போய் நிற்கும். முழு முகவரியும் கொடுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும். இன்று மறந்திருந்தான்.

எரர்கள் நல்லவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்துச் செய்ய ஏதோ ஒன்று இருந்தது.

முழு முகவரியும் அடித்தான்.

பதிவாகிவிட்டது என்று சின்னப் பெட்டி வந்தது.

மென்பொருள் திறந்தது. கடைசியாக அடித்த கோப்பைத் திறந்தான். சுப்பையா, வயது 71.

இந்தத் தொழிலில் யாரும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. போன ஆளை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது ஆளை வைப்பார்கள். அவன் ஒருமுறை படத்தை மாற்றிவிட்டுப் பெயரை மாற்ற மறந்துபோனான். நூறு தாள் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து கறார். ப்ரூஃப் தாளை வீட்டு ஆள் ஒருவர் விரல் வைத்து வரிவரியாக வாசிக்க வேண்டும். கீழே சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் மிஷினை ஓட்டுவான். அழுதுகொண்டு நின்றவர்களையும் அவன் விட்டதில்லை.

இன்று வீட்டு ஆள் அவன்தான்.

சுப்பையாவின் பெயரை அழித்தான். அந்த இடத்தில் கர்சர் மினுக்கியது.

அவள் பெயரின் முதல் எழுத்தை அடித்தான்.

செ.

எழுத்து திருத்தமாக வந்தது. ஒரு குறையும் இல்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழித்தான். சேமிக்காமல் மூடினான்.

கறுப்புத் திரைக்குப் போனான். மேல் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் கடைசிக் கட்டளை தானாக வந்து நிற்கும். வந்து நின்றது. நடுவில் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்த்தான். பதிவை நீக்கச் சொல்லும் எழுத்து.

எண்டர் தட்டினான்.

நீக்கியாகிவிட்டது என்றது.

மென்பொருளைத் திறந்தான்.

கிளாஸ் நாட் ரிஜிஸ்டர்டு.

நிம்மதியாக இருந்தது.

நாற்காலிக்குப் பின்னால் பொன்ராஜ் நின்றிருந்தான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. லாரி ஓட்டுகிறவன், கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்த ஒற்றை எழுத்து வந்ததையும் போனதையும் பார்த்திருந்தான்.

"இன்னும் எரர் வருதுப்பா" என்றான் அவன்.

பொன்ராஜ் பசை வாளியைத் தரையில் வைத்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பொன்ராஜின் போன் அடித்தது.

"ஆமாண்ணே. கம்ப்யூட்டரு ரிப்பேரு. அத்தான் பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"வண்டிய மெதுவாவே வரச் சொல்லுங்க."