பாடியவர்: தெரியவில்லை

“மனசு வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க சார். உடைச்சப்புறம் திருப்பிக் கேட்டா நான் எங்க போவேன்?” என்றார் பழைய சாமான் வாங்குபவர்.

“நீங்க உடைங்க,” என்றார் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முழுசாகப் போட்டால் சாக்கு கொள்ளாது என்று சிடிக்களை இரண்டிரண்டாக முழங்காலில் வைத்து முறித்துப் போட்டார் அந்த மனிதர். இருபது வருஷமாக, சம்பளம் வந்த அன்றைக்கே கடைக்கு ஓடி வாங்கிய நானூற்றுச் சொச்சம் ஆல்பங்கள். ஒரு மணி நேரத்தில் சில்லுச் சில்லாக வாசலைத் தாண்டிவிட்டன.

“பாட்டையெல்லாம் உருவிட்டீங்கள்ல? அப்ப இது வெறும் பழத்தோல் சார். கவலைப்படாதீங்க.”

உண்மைதான். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளும் லீவு போட்டு, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். இனிமேல் கடைக்கும் போக வேண்டாம். எந்த ஆல்பமும் நாலு நிமிஷத்தில் வீட்டிலேயே இறங்கிவிடும் என்று ஆபீஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எல்லாம் மனைவிக்காக. மூன்று வயது நிரம்பாத பாப்பா இறந்த வாரமே, அவளுடைய தொட்டில், சட்டை, போட்டோ என்று ஒன்றுவிடாமல் கட்டி வெளியே அனுப்பியவர் இவர்தான். “எதுவும் என் கண்ணுல படக் கூடாது, காதுல விழக் கூடாது. தாங்க மாட்டேன்,” என்று இவர் கத்தியபோது மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்கப்புறமும் அதிகம் பேசவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பாப்பாவின் அறையில் பிறகு சிடி அலமாரி, பிளேயரோடு வந்து உட்கார்ந்தது. அதன் இடுக்கில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மனைவி தனியாக உட்கார்ந்திருப்பதை, ஆபீஸிலிருந்து சீக்கிரம் திரும்பிய நாட்களில் இவர் பார்த்திருக்கிறார். காலடி கேட்டதும் எழுந்து போய்விடுவாள். நிம்மதியாக உட்காரக்கூட அவளுக்கு இடம் வைக்கவில்லையே என்று அவருக்குக் குத்தியது.

இப்போது அலமாரியும் போய் அங்கே காற்று வந்தது. ஜன்னலோரம் புதிதாக ஒரு சாய்வு நாற்காலி. ‘நல்லா இருக்கு’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோடு ஓர் இழை பிசகினாலும் பொறுக்காத மனிதர் அவர். ஏற்றியதில் பெயரில்லாத உருப்படிகள் முப்பது நாற்பது இருந்தன. கம்ப்யூட்டர் அவற்றுக்கு நேரே ‘பாடியவர்: தெரியவில்லை’ என்று போட்டிருந்தது. கேட்டுப் பார்க்கப் பொறுமையில்லை. நேற்றே மொத்தமாக அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்திருந்தார்.

ஏற்றும்போது சிடிப் பெட்டிகளில் ஒன்றுதான் கீல் உடைந்து கையோடு வந்தது. யாரோ பரிசாகக் கொடுத்த கிளாரினெட் ஆல்பம். அதற்கு முன் அவர் ஒரு தடவைகூடத் திறக்காதது. தொடாமலே உடைகிறதே, என்ன லட்சணத்தில் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அறை வாசலில் நின்றாள்.

“எங்கங்க அலமாரி?”

“அதை விடு. முதல்ல உக்காந்து பாரு. நாற்காலி உனக்குத்தான்.”

அவள் உட்காரவில்லை. “சிடியெல்லாம்?”

“காலையிலயே போயாச்சு, தூள் தூளா. பயப்படாதே, அத்தனையும் கம்ப்யூட்டருக்குள்ள பத்திரமா இருக்கு. எது வேணும் சொல்லு, போடறேன்.”

“அந்தக் கிளாரினெட்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவளாக ஒரு பாட்டு கேட்கிறாள்.

“போயும் போயும் அதையா கேக்கறே? கொடுத்தவங்களைக் கடைக்காரன் ஏமாத்தியிருக்கான்மா. உள்ள கிளாரினெட்டே இல்லை. வெறும் வெள்ளை சிடி, அதுல பேரில்லாம ஒரே ஒரு துண்டு, நாப்பது செகண்டு. குப்பைன்னு அழிச்சிட்டேன். இரு, அசலையே இறக்கித் தரேன். நாலே நிமிஷம்.”

அவர் உற்சாகமாகத் தேட ஆரம்பித்தார். பின்னால் பை விழுந்த சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தார்.

நாற்காலி காலியாக இருந்தது. அலமாரி நின்ற இடத்தில், வெறும் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“நாப்பத்திமூணு செகண்டு,” என்றாள். “அதுல அப்பா, அப்பான்னு பாப்பா உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருப்பா.”